உங்கள் முதல் பைத்தான் லைப்ரரியை பைபிஐயில் வெளியிடுவது எப்படி?

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக் கடைக்கு பில் போடும் நிரல் எழுதிக் கொடுத்தால், கொஞ்ச நாளில் பக்கத்துக் கடைக்காரரும் கேட்பார். அப்புறம் காசிமேட்டில் படகுக் கணக்கு பார்ப்பவர் கேட்பார். எல்லோருக்கும் ரசீதின் அடியில் தொகை எழுத்தில் வர வேண்டும்: 'ரூபாய் பன்னிரண்டாயிரத்து நானூற்று ஐம்பது மட்டும்'. அந்த ஒரு ஃபங்ஷனை ஒவ்வொரு ஃபோல்டரிலும் காப்பி அடித்து ஒட்டுகிறோம். ஒரு கடையில் பிழையைத் திருத்தினால் மற்ற கடைகளில் அது அப்படியே கிடக்கிறது. அந்த ஃபங்ஷனைப் பிரித்தெடுத்து, பெயர் வைத்து, வெர்ஷன் எண் கொடுத்து, யார் வேண்டுமானாலும் ஒரே கமாண்டில் இறக்கிக்கொள்ளும்படி வெளியிட்டால் அது லைப்ரரி.

வியாசர்பாடியிலும் தண்டையார்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் நன்றாக நிரல் எழுதும் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். எழுதியது லேப்டாப்பிலேயே தங்கிவிடுகிறது. 'இதெல்லாம் வெளியிடும் அளவுக்குப் பெரிய விஷயமா' என்ற தயக்கம்தான் காரணம். 100 வரிகள் இருந்தாலும் போதும். சொன்னதைச் சரியாகச் செய்கிறதா, எடுத்துப் பயன்படுத்துபவரை நட்டாற்றில் விடாமல் இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். கமாண்டுகளை ஒரு மாலையில் கற்றுக்கொள்ளலாம். முகம் தெரியாத ஒருவர் நம்பி எடுக்கும்படி அதை ஒழுங்குசெய்வதற்குத்தான் நேரம் பிடிக்கும். அதனால் இந்தக் கட்டுரையிலும் அதற்குத்தான் கூடுதல் இடம்.

கமாண்டுகளையும் ஃபைல் பெயர்களையும் இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். நீங்கள் ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள்.

முதலில் தேடிப் பாருங்கள்

பைத்தான் லைப்ரரிகள் பெரும்பாலும் பைபிஐ என்ற பொதுக் கிடங்கில் இருக்கின்றன. 2003-லிருந்து இயங்குகிறது. 'பிப் இன்ஸ்டால்' என்று அடித்தால் அங்கிருந்துதான் வருகிறது. எழுதுவதற்கு முன், அதே வேலையைச் செய்யும் லைப்ரரி இருக்கிறதா என்று தேடுங்கள். தமிழுக்கு 'ஓப்பன்-தமிழ்' இருக்கிறது. சொல்லை எழுத்துகளாகப் பிரிப்பது, எண்ணைத் தமிழ்ச் சொல்லாக்குவது போன்றவை அதில் உண்டு. உங்கள் தேவை அதிலேயே தீர்ந்தால் அதையே பயன்படுத்துங்கள். அதில் குறை கண்டால் திருத்தி அனுப்புங்கள், அதுவும் சமமான பங்களிப்புதான்.

நம் உதாரணத்தில் வேலை இன்னும் குறுகலானது. ரூபாயும் பைசாவும் தனித்தனியாக வர வேண்டும், முடிவில் 'மட்டும்' வர வேண்டும், ரசீதில் எழுதும் பாணியில் இருக்க வேண்டும். இப்படி ஒரே வேலையைச் செய்யும் சின்ன லைப்ரரியே புதியவருக்கு ஏற்றது.

பெயர்

பைபிஐயில் பெயர் ஆங்கில எழுத்து, எண், புள்ளி, ஹைஃபன், அண்டர்ஸ்கோர் ஆகியவற்றால் மட்டுமே அமைய முடியும். பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளப்படும். 'ரூபாய்-சொல்', 'ரூபாய்_சொல்' இரண்டும் அங்கே ஒரே பெயர். தளத்தில் தேடி, யாரும் எடுக்கவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பிரபலமான ஒரு லைப்ரரியின் பெயரிலிருந்து ஓர் எழுத்து மட்டும் மாறும்படி வைக்காதீர்கள். கெட்ட நிரலைப் பரப்புபவர்கள் கையாளும் வழி அது. பைபிஐயும் மிக நெருக்கமான பெயர்களை ஏற்காது. இன்ஸ்டால் செய்யும் பெயரும் இம்போர்ட் செய்யும் பெயரும் ஒன்றாக இருக்கட்டும். இம்போர்ட் பெயரில் ஹைஃபன் வராது என்பதால் அங்கே மட்டும் அண்டர்ஸ்கோர்.

நிரலை ஊருக்குக் காட்டும் முன்

இந்தப் படியை அவசரமாகத் தாண்டாதீர்கள். சொந்தக் கடை நிரலில் மறைந்திருந்த பிழைகள் லைப்ரரியாகும்போது வெளியே வரும்.

தமிழ் எண்ணுப் பெயர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். இருநூறு, முந்நூறு, நானூறு, ஐந்நூறு என்று வரிசையாகப் போகிறது. எண்ணூறு தாண்டினால் 'ஒன்பது நூறு' இல்லை, தொள்ளாயிரம். எண்பதுக்கு அடுத்தது தொண்ணூறு. ஆனால் 9000 என்பது ஒன்பதாயிரம்தான். விதி எழுதி எல்லாவற்றையும் பிடித்துவிடலாம் என்று தொடங்குபவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். கடைக்காரர் ரசீதைத் தூக்கிக் காட்டி, "இன்னா தம்பி இது, ஒம்போது நூறுன்னு வந்துகீது?" என்று கேட்கும் இடம் இது. 1 முதல் 19 வரை, பத்துகள், நூறுகள் எல்லாவற்றையும் நேரடியாக அட்டவணையாக எழுதிவிடுங்கள். பின்னால் வேறு எண் ஒட்டும்போது உருவம் மாறுவதையும் இன்னோர் அட்டவணையில் வையுங்கள்: நூறு என்பது நூற்று ஆகும், ஆயிரம் ஆயிரத்து ஆகும், லட்சம் லட்சத்து ஆகும். 1,25,000 என்று கொடுத்தால் 'ஒரு லட்சத்து இருபத்தைந்தாயிரம்' வர வேண்டும். 1,00,000 என்றால் 'ஒரு லட்சம்' என்று நின்றுவிட வேண்டும்.

அடுத்து பைசா. பணத்தைத் தசம எண்ணாக (ஃப்ளோட்) அப்படியே வாங்காதீர்கள். பைத்தானில் 1.15-ஐ 100-ஆல் பெருக்கி முழு எண்ணாக்கினால் 115 வராது, 114 வரும். கம்ப்யூட்டர் தசமங்களை இரும எண்ணாக வைத்துக்கொள்வதால் 1.15 உள்ளே ஒரு துளி குறைவாக இருக்கிறது. ஒரு பைசாதானே என்று விட முடியாது. ரசீதில் எண்ணில் ஒன்றும் எழுத்தில் இன்னொன்றும் இருந்தால் அந்த ரசீதை யாரும் நம்ப மாட்டார்கள். மொத்தத்தையும் பைசாவாக முழு எண்ணில் வாங்குங்கள். இல்லாவிட்டால், தசமத்தைப் பிசகாமல் வைத்துக்கொள்ளும், பைத்தானோடு வரும் 'டெசிமல்' வகையை வாங்குங்கள்.

மூன்றாவது தமிழுக்கே உரியது. 'தொள்ளாயிரம்' என்பதன் முதல் எழுத்தான 'தொ' யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கப்படலாம். த-வும் ஒகரக் குறியும் சேர்ந்து இரண்டு குறியீடுகளாக இருக்கலாம், அல்லது த, எகரக் கொம்பு, கால் என்று மூன்றாக இருக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். பைத்தானில் ஒப்பிட்டால் 'சமம் இல்லை' என்று வரும். தொண்ணூறு, பதினொன்று இவற்றிலும் இதே சங்கதி. டெஸ்ட் எல்லாம் சரியாக எழுதியும் ஏன் தோற்கிறது என்று மண்டை காய வைக்கும் பிழை இது. பைத்தானின் 'யூனிகோட்டேட்டா' மாட்யூலில் உள்ள 'நார்மலைஸ்' ஃபங்ஷனில் இரண்டையும் ஒன்றாக்கும் என்எஃப்சி வடிவத்தைத் தேர்ந்தெடுத்து, வெளியே அனுப்பும் சொல் ஒவ்வொன்றையும் அதன் வழியாக அனுப்புங்கள்.

இந்த இக்கட்டான எண்களையெல்லாம் டெஸ்டாக எழுதி வையுங்கள்: 0, 9, 11, 90, 99, 100, 101, 900, 999, 1000, 9000, 1,00,000, ஒரு கோடி. எதிர்மறை எண் வந்தால் என்ன செய்யும் என்பதையும் முடிவு செய்யுங்கள். டெஸ்ட் ஓட்டும் கருவியான 'பைடெஸ்ட்' போதும், பெரிய ஏற்பாடு வேண்டாம். உங்கள் வீட்டில் கணக்கு எழுதிப் பழகிய பெரியவர் யாராவது இருந்தால், எண்களுக்கு வரும் விடைகளை அச்சடித்துக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். நாம் பார்த்துப் பார்த்துப் பழகிப்போன பிழையை அவர்கள் கண் பிடித்துவிடும்.

ஃபோல்டர் அமைப்பு

திட்டத்தின் பெயரில் ஒரு ஃபோல்டர். அதற்குள் 'எஸ்ஆர்சி', அதற்குள் இம்போர்ட் பெயரில் இன்னொரு ஃபோல்டர், அதில்தான் உங்கள் நிரல். முன்னும் பின்னும் இரண்டிரண்டு அண்டர்ஸ்கோர் வைத்த 'இனிட்.பிஒய்' ஃபைலும் அங்கேயே இருக்கும். 'டெஸ்ட்ஸ்' ஃபோல்டர் எஸ்ஆர்சிக்கு வெளியே. ரீட்மி (லைப்ரரியின் அறிமுகக் குறிப்பு), லைசென்ஸ், பைப்ராஜெக்ட்.டாமல் மூன்றும் மேல் மட்டத்தில்.

எஸ்ஆர்சி என்ற கூடுதல் அடுக்குக்குக் காரணம் உண்டு. அது இல்லாவிட்டால் டெஸ்ட் ஓட்டும்போது பைத்தான் பக்கத்தில் கிடக்கும் ஃபோல்டரையே இம்போர்ட் செய்துகொள்ளும். பேக்கேஜில் ஒரு ஃபைல் விடுபட்டிருந்தால்கூட உங்கள் லேப்டாப்பில் எல்லாம் சரியாக ஓடும், இறக்கிக்கொண்டவருக்கு மட்டும் ஓடாது.

பைப்ராஜெக்ட்.டாமல்

பழைய யூடியூப் வீடியோக்களில் 'செட்டப்.பிஒய்' எழுதச் சொல்வார்கள். புதிதாகத் தொடங்குபவருக்கு அது தேவையில்லை. இப்போது விவரங்கள் எல்லாம் பைப்ராஜெக்ட்.டாமல் என்ற ஒரே ஃபைலில் இருக்கின்றன. அதில் இரண்டு பகுதிகள் போதும். 'பில்ட்-சிஸ்டம்' பகுதியில் பேக்கேஜைக் கட்டும் கருவியின் பெயர் வரும். ஹேட்ச்லிங் எளிது, அதைப் போடலாம். 'ப்ராஜெக்ட்' பகுதியில் பெயர், வெர்ஷன், ஒரு வரி விளக்கம், ரீட்மி ஃபைலின் பெயர், லைசென்ஸ், எழுதியவர், தேவைப்படும் பைத்தான் வெர்ஷன், நிரலை இணையத்தில் வைக்கும் கிட்ஹப் தளத்தில் உங்கள் முகவரி ஆகியவை.

இவற்றில் மூன்று இடங்களில் நிதானம் வேண்டும்.

எழுதியவர் என்ற இடத்தில் தரும் மெயில் முகவரி, வெளியிட்டபின் உலகத்துக்கே தெரியும். வங்கிக் கணக்கோடு இணைத்த மெயிலைப் போடாதீர்கள். தனியாக ஒன்று தொடங்குங்கள்.

பைத்தான் வெர்ஷனைப் பொறுத்தவரை, 3.9-க்கான ஆதரவு 2025 அக்டோபரோடு முடிந்துவிட்டது. எனவே 3.10 அல்லது அதற்கு மேல் என்று போடுவது வழக்கம். ஆனால் நம் கடைகளில் இன்னும் விண்டோஸ் 7 ஓடும் பழைய கம்ப்யூட்டர்கள் இருந்தால், அவற்றில் 3.8-க்கு மேல் ஏறாது. உங்கள் லைப்ரரி அவர்களுக்கும்தான் என்றால் 3.8-இல் ஓட்டிப் பார்த்து, அதையே குறைந்தபட்சமாகக் குறிப்பிடுங்கள். ஓட்டிப் பார்க்காத வெர்ஷனைக் குறிப்பிட வேண்டாம்.

பிற லைப்ரரிகளைச் சார்ந்திருக்கும் பட்டியல் எவ்வளவு சிறியதோ அவ்வளவு நல்லது. நம் ரூபாய் லைப்ரரிக்கு ஒன்றுமே தேவையில்லை. ஒன்று தேவைப்பட்டால், 'இந்த ஒரே வெர்ஷன்தான்' என்று இறுக்கிக் கட்டாமல், 'இதற்கு மேல்' என்று விடுங்கள். பயன்படுத்துபவர் உங்கள் லைப்ரரியோடு இன்னும் பத்து லைப்ரரிகளை ஒரே இடத்தில் வைத்திருப்பார், இறுக்கிக் கட்டினால் அவை ஒன்றோடொன்று மோதும்.

லைசென்ஸ்

லைசென்ஸ் இல்லாமல் வெளியிட்டால், பார்க்கலாமே தவிர மற்றவர்கள் சட்டப்படி எடுத்துப் பயன்படுத்த அனுமதி இல்லை என்றே பொருள். சின்ன லைப்ரரிக்கு எம்ஐடி லைசென்ஸ் போதும். யாரும் எதற்கும் பயன்படுத்தலாம், உங்கள் பெயரும் லைசென்ஸ் வாசகமும் கூடவே இருக்க வேண்டும், எதற்கும் நீங்கள் பொறுப்பல்ல என்பதே அதன் சாரம். மாற்றி வெளியிடுபவரும் தன் நிரலைத் திறந்தே வைக்க வேண்டும் என்று நினைத்தால் ஜிபிஎல் 3. வேலை பார்க்கும் இடத்தில் சம்பளத்துக்கு எழுதிய நிரல் என்றால், முதலாளியிடம் எழுத்தில் அனுமதி வாங்காமல் இந்தப் பக்கமே வராதீர்கள்.

ரீட்மி

தமிழிலேயே எழுதலாம், பைபிஐ பக்கத்தில் ஒழுங்காகத் தெரியும். கீழே ஒரு பத்தி ஆங்கிலத்திலும் போடுங்கள். வரும் ஆள் முதல் திரையிலேயே மூன்றைப் பார்க்க வேண்டும்: இது என்ன செய்கிறது, எப்படி இன்ஸ்டால் செய்வது, இரண்டு வரி நிரலும் அதன் விடையும். என்ன செய்யாது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

கட்டுதல், பிரித்துப் பார்த்தல்

திட்ட ஃபோல்டருக்குள் ஒரு வென்வ் (மற்றவற்றோடு கலக்காத தனிப் பைத்தான் சூழல்) உருவாக்கி, பிப் கொண்டு கட்டுவதற்கு 'பில்ட்', ஏற்றுவதற்கு 'ட்வைன்' என்ற இரண்டு கருவிகளை இறக்குங்கள். பிறகு 'பைத்தான் -எம் பில்ட்'. 'டிஸ்ட்' என்ற ஃபோல்டர் உருவாகி அதில் இரண்டு ஃபைல்கள் இருக்கும். ஒன்று மூல நிரலின் கட்டு, எஸ்டிஸ்ட். மற்றது வீல், அதுதான் நேரடியாக இன்ஸ்டால் ஆகும் வடிவம். 'ட்வைன் செக்' என்று ஓட்டி, ரீட்மி சரியாகத் தெரியுமா என்று உறுதி செய்யுங்கள்.

இப்போது அந்த இரண்டையும் திறந்து பாருங்கள். வீல் என்பது ஜிப் ஃபைல்தான், அன்ஜிப் செய்தால் திறக்கும். எஸ்டிஸ்ட்டைக் கட்டாயம் பார்க்க வேண்டும். நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் 'கிட்' கருவியிடம் புறக்கணிக்கும்படி நீங்கள் சொல்லாத எல்லாவற்றையும் ஹேட்ச்லிங் அதில் அள்ளிப் போட்டுவிடும். சோதனைக்காகக் கடையிலிருந்து எடுத்து வைத்த உண்மையான பில்கள், வாடிக்கையாளர் பெயரும் போன் நம்பரும் உள்ள எக்செல் ஃபைல், பாஸ்வேர்ட் வைத்த ஃபைல் எதுவாவது ஃபோல்டரில் கிடந்தால் அதுவும் ஊருக்குப் போய்விடும். நம்பி பில் புத்தகத்தைக் கையில் கொடுத்தவருக்கு நாம் செய்யும் துரோகம் அது. சோதனைக்குக் கற்பனைப் பெயர்களையும் தொகைகளையும் வைத்து நீங்களே தரவு தயாரியுங்கள்.

அடுத்து வேறொரு இடத்தில் புதிய வென்வ் ஒன்றை உருவாக்கி, அந்த வீல் ஃபைலை மட்டும் இன்ஸ்டால் செய்து, ரீட்மியில் எழுதிய உதாரணத்தை அப்படியே அடித்துப் பாருங்கள். முடிந்தால் நண்பரின் கம்ப்யூட்டரில். உங்கள் லினக்ஸில் ஓடுவது அவருடைய விண்டோஸில் தமிழ் எழுத்தில் தடுமாறலாம். சொல் அட்டவணையைத் தனி ஃபைலில் வைத்திருந்தால், திறக்கும்போது எழுத்துக் குறியாக்கம் யுடிஎஃப்-8 என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். நிரல் ஃபைலுக்குள்ளேயே அட்டவணையை வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

கணக்கு

பைபிஐக்கும் சோதனைக்கான டெஸ்ட் பைபிஐக்கும் தனித்தனிக் கணக்கு வேண்டும். இரண்டும் இலவசம். 2024 ஜனவரி முதல் பைபிஐயில் இரண்டடுக்குச் சரிபார்ப்பு எல்லோருக்கும் கட்டாயம். போனுக்கு எஸ்எம்எஸ் வராது. ஆறு இலக்க எண் காட்டும் ஆத்தென்டிகேட்டர் ஆப் அல்லது பாதுகாப்புச் சாவி வேண்டும். அப்போது தரப்படும் மீட்புக் குறியீடுகளைத் தாளில் எழுதி, ரேஷன் கார்டு இருக்கும் இடத்தில் வையுங்கள். போன் தொலைந்தால் அதுதான் கை கொடுக்கும். பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டரில் இந்தக் கணக்கைத் திறக்காதீர்கள்.

'உங்கள் பேக்கேஜ் நீக்கப்படும், உடனே லாகின் செய்யுங்கள்' என்ற மாதிரி மெயில் வந்தால் அந்த லிங்க்கைத் தொடாதீர்கள். 2022 ஆகஸ்டில் பைபிஐ பயனர்களைக் குறிவைத்து இப்படி ஒரு மோசடி நடந்து, சிலருடைய கணக்குகள் பறிபோயின. முகவரியை நீங்களே அடித்துப் போங்கள்.

ஏற்றுதல்

முதலில் டெஸ்ட் பைபிஐ. அங்கே கணக்கு அமைப்புகளில் ஏபிஐ டோக்கன் (பாஸ்வேர்டுக்குப் பதிலாகத் தரும் இரகசியக் குறியீடு) ஒன்றை உருவாக்குங்கள். அது ஒரே ஒருமுறைதான் திரையில் தெரியும். 'ட்வைன் அப்லோட்' கமாண்டில் ரெபாசிட்டரி டெஸ்ட்பைபிஐ என்று குறிப்பிட்டு டிஸ்ட் ஃபோல்டரில் உள்ளதை ஏற்றுங்கள். டோக்கன் கேட்கும்போது ஒட்டுங்கள். ஒட்டும்போது திரையில் எதுவும் தெரியாது, பயப்பட வேண்டாம். பிறகு அங்கிருந்தே இன்ஸ்டால் செய்து பாருங்கள். பிற லைப்ரரிகளைச் சார்ந்திருந்தால் அவை டெஸ்ட் பைபிஐயில் இல்லாமல் போகலாம். அதனால் 'நோ-டெப்ஸ்' என்ற தேர்வைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பக்கம் நன்றாகத் தெரிந்தால் உண்மையான பைபிஐயில் இதையே செய்யுங்கள். முதல்முறை ஏற்றும்போது திட்டம் அங்கே இல்லாததால் கணக்கு முழுவதற்குமான டோக்கன்தான் எடுக்க முடியும். ஏற்றி முடித்ததும் அதை அழித்துவிட்டு, இந்தத் திட்டத்துக்கு மட்டுமான டோக்கனை எடுத்துக்கொள்ளுங்கள். டோக்கனை நிரல் ஃபைலில் எழுதாதீர்கள், வாட்ஸ்ஆப்பில் அனுப்பாதீர்கள்.

கிட்ஹப்பில் நிரலை வைத்திருப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி உண்டு. 2023 ஏப்ரலில் வந்த 'ட்ரஸ்டட் பப்ளிஷிங்'. கிட்ஹப்பில் எந்த ரெபாசிட்டரியின் (நிரல் சேமிப்பிடத்தின்) எந்த வொர்க்ஃப்ளோ (தானாக ஓடும் வேலைத் தொடர்) வெளியிடலாம் என்று பைபிஐயில் ஒருமுறை பதிந்துவிட்டால், ஒவ்வொரு வெளியீட்டுக்கும் சில நிமிடங்களே உயிரோடிருக்கும் டோக்கன் தானாக உருவாகும். நீங்கள் எதையும் பத்திரப்படுத்த வேண்டியதில்லை. முதல் லைப்ரரியைக் கையால் ஏற்றிப் பழகிவிட்டு, இரண்டாவது வெளியீட்டிலிருந்து இதற்கு மாறுங்கள்.

வெளியிட்ட பிறகு

0.1.0 என்று ஏற்றிய ஃபைலில் ஓர் எழுத்துப் பிழை இருந்தாலும், அதே பெயரில் மறுபடி ஏற்ற முடியாது. அழித்துவிட்டுக்கூட முடியாது. திருத்தி 0.1.1 என்று ஏற்ற வேண்டும். பிழைத்திருத்தம் என்றால் கடைசி எண் கூடும். பழையதைக் கெடுக்காமல் புதிய வசதி சேர்த்தால் நடு எண். பழைய நிரல் உடையும்படி எதையாவது மாற்றினால் முதல் எண். 'மட்டும்' என்ற சொல்லுக்கு முன் ஓர் இடைவெளியைக் கூட்டினால்கூட, அதை எதிர்பார்த்து ரசீது அச்சடிக்கும் ஒருவருக்கு அது மாற்றம்தான். எதை மாற்றினீர்கள் என்று 'சேஞ்ச்லாக்' ஃபைலில் ஒரு வரி எழுதுங்கள்.

ஒரு வெர்ஷனில் மோசமான பிழை தெரிந்தால் அழிக்காதீர்கள், 'யாங்க்' செய்யுங்கள். புதிதாக வருபவருக்கு அது கிடைக்காது, ஏற்கெனவே அதே வெர்ஷனைக் குறிப்பிட்டுப் பயன்படுத்துபவருக்குத் தொடர்ந்து கிடைக்கும். அழித்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜாவாஸ்கிரிப்ட் உலகம் 2016 மார்ச்சில் ஒரு பாடம் படித்தது. சொல்லுக்கு இடப்பக்கம் இடைவெளி நிரப்பும் 11 வரி லைப்ரரியான 'லெஃப்ட்-பேட்' என்பதை அதை எழுதியவர் என்பிஎம் கிடங்கிலிருந்து எடுத்துவிட்டார். அதை நேரடியாகவும் சுற்றி வளைத்தும் சார்ந்திருந்த ஏராளமான திட்டங்கள் அன்று நின்றுபோயின. அவர்களில் பலருக்கு அப்படி ஒரு லைப்ரரி தங்கள் நிரலுக்குள் இருப்பதே தெரியாது.

யாராவது 'இது வேலை செய்யவில்லை' என்று எழுதினால், எந்தத் தொகை கொடுத்தார், என்ன வந்தது, பைத்தான் வெர்ஷன் என்ன என்று கேளுங்கள். அந்தத் தொகையை முதலில் டெஸ்டாகச் சேர்த்து, அது தோற்பதைப் பார்த்துவிட்டு, பிறகு நிரலைத் திருத்துங்கள். பரீட்சை, புதிய வேலை என்று உடனே பார்க்க முடியாவிட்டால் எப்போது முடியும் என்று ஒரு வரி பதில் போடுங்கள்.

இனி இதைப் பார்த்துக்கொள்ள முடியாது என்ற நிலை வந்தால் இரண்டு வழிகள் உண்டு. நம்பிக்கையான ஒருவரை, கொஞ்ச நாள் அவர் அனுப்பிய திருத்தங்களைப் பார்த்துப் பழகிய பிறகு, திட்டத்தின் அமைப்புகளில் உரிமையாளராகச் சேர்க்கலாம். அப்படி யாரும் இல்லையென்றால், பைபிஐ 2025 ஜனவரியில் கொண்டுவந்த 'ஆர்க்கைவ்' வசதியைப் பயன்படுத்துங்கள். லைப்ரரி தொடர்ந்து கிடைக்கும், இன்ஸ்டால் ஆகும், ஆனால் புதிய வெளியீடு வராது என்ற அறிவிப்பு பக்கத்தின் மேலேயே நிற்கும். ஆர்க்கைவ் செய்வதற்கு முன் கடைசியாக ஒரு வெர்ஷன் ஏற்றி, மாற்றாக எதைப் பயன்படுத்தலாம் என்று ரீட்மியின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.